2035 இல் இலங்கைக்கு எவ்வளவு நெல் தேவை, எவ்வளவு விளையும்?

அட்டனைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் தமது ஆய்வுக் கட்டுரைக்காக இப்படிக் கேட்டிருக்கிறார்: "கடந்த பல ஆண்டுகளின் நெல் உற்பத்தியைக் கணினியில் இட்டு, போக்குக் கோடொன்றை வரைந்து 2035 வரை நீட்டினேன். சனத்தொகையைத் தலைக்குரிய அரிசி நுகர்வால் பெருக்கித் தேவையைக் கண்டேன். உற்பத்தி தேவையை மிஞ்சி நிற்கிறது. அப்படியானால் 2025 ஜனவரியில் எங்கள் நகரத்துக் கடைகளில் அரிசிக்கு ஏன் தட்டுப்பாடு வந்தது? என் முறையில் எங்கே பிழை?"

உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. தேவை என்பது மெல்ல நகரும் எண். அதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். உற்பத்தியோ மழைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் கொழும்பில் எடுக்கப்படும் முடிவுகளுக்கும் ஏற்பக் குதிக்கும் எண். குதிக்கும் எண்ணை நேர்கோட்டால் நீட்டி, நகரும் எண்ணை அதிலிருந்து கழித்துவிட்டு, மீதியை 'மிகுதி' என்று அழைப்பதுதான் பிரச்சினையின் வேர். ஆகவே இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் தேவை. 2024 குடிசனக் கணக்கெடுப்பின் முதற்கட்ட அறிக்கைப்படி நாட்டின் சனத்தொகை 2 கோடியே 17 இலட்சத்து 63 ஆயிரம். தலைக்கு ஆண்டுக்கு 110 கிலோகிராம் அரிசி என்று கொண்டால், ஆண்டுத் தேவை ஏறத்தாழ 24 இலட்சம் மெற்றிக் தொன் அரிசி. அதாவது மாதத்துக்கு 2 இலட்சம் தொன், நாளொன்றுக்கு 6,500 தொன்னுக்குச் சற்று மேல். இந்த மூன்று எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தக் காரணத்தை யார் சொன்னாலும், அது எத்தனை நாள் அரிசிக்குச் சமம் என்று உடனே நிறுத்துப் பார்த்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக, 2022 நடுப்பகுதிக்கான உத்தியோகபூர்வ மதிப்பீடு 2 கோடியே 21 இலட்சத்து 81 ஆயிரமாக இருந்தது. கணக்கெடுப்பில் வந்த எண் அதைவிட நான்கு இலட்சத்துக்கு மேல் குறைவு. அதில் ஒரு பகுதி பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு சென்றவர்கள். மறு பகுதி, ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் மதிப்பீடுகள் மெல்லத் தடம் விலகுவதால் வருவது. இந்த வேறுபாடு அரிசியில் ஏறத்தாழ 46,000 தொன், ஒரு வாரத் தேவை. சுற்றுலாப் பயணிகள் வந்து சாப்பிட்டதால்தான் அரிசி தீர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. 2024 இல் வந்தவர்கள் 20 இலட்சத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொருவரும் எட்டு நாள் தங்கினார் என்றும், நம்மைப் போலவே மூன்று வேளையும் சோறு உண்டார் என்றும் தாராளமாகக் கொண்டாலும், மொத்தம் 5,000 தொன்னைத் தொடாது. ஒரு நாள் தேவைக்கும் குறைவான அந்த எண்ணுக்கு உங்கள் மாதிரியில் ஒரு நிரலை ஒதுக்க வேண்டியதில்லை.

சனத்தொகையின் எதிர்காலத்தைப் பொறுத்தவரை, பிறப்புகள் வேகமாகக் குறைகின்றன. 2019 இல் 3 இலட்சத்து 19 ஆயிரமாக இருந்த பதிவுப் பிறப்புகள் 2023 இல் 2 இலட்சத்து 48 ஆயிரத்துக்கு இறங்கின. 2012 முதல் 2024 வரை ஆண்டுக்கு 0.5 வீதமாக இருந்த வளர்ச்சி இனி அதற்கும் கீழே செல்லும் என்று கொள்வதே பொருத்தம். நான் 0.1 வீதம் முதல் 0.4 வீதம் வரை என்ற வீச்சைப் பயன்படுத்துவேன். அது 2035 இல் 2 கோடியே 20 இலட்சம் முதல் 2 கோடியே 27 இலட்சம் வரையான சனத்தொகையைத் தரும். பழைய பாடப்புத்தகங்களின் வளர்ச்சி வீதங்களை அப்படியே எடுத்தால், இல்லாத இலட்சக்கணக்கான வாய்களுக்கு அரிசி கணக்கிட்டுவிடுவீர்கள்.

தலைக்குரிய நுகர்வு கொஞ்சம் சிக்கலானது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு, வீட்டுக்கு வாங்கப்படும் அரிசியை அளக்கிறது. கடையில் வாங்கும் மதியச் சோற்றுப் பார்சல் அதில் அரிசியாகப் பதிவாவதில்லை. உணவுச் சமநிலை ஏடோ உற்பத்தியையும் இறக்குமதியையும் கூட்டி, விதையையும் சேதத்தையும் கழித்து, மீதியைச் சனத்தொகையால் வகுக்கிறது. உற்பத்தி எண் மிகையாக இருந்தால் நுகர்வும் மிகையாகத் தெரியும். ஒன்று குறைத்துக் காட்டும், மற்றது கூட்டிக் காட்டும். எனவே 100 கிலோவையும் 112 கிலோவையும் இரு எல்லைகளாக வைத்து வேலை செய்வது நல்லது.

இங்குதான் மலையகத்து அனுபவம் உதவும். தேசிய சராசரி என்பது நகரம், கிராமம், தோட்டம் ஆகிய மூன்று துறைகளின் கலவை. தோட்டத்துறையில் கோதுமை மாவின் பயன்பாடு மற்ற இரு துறைகளையும்விடப் பன்மடங்கு அதிகம் என்பதை ஒவ்வோர் ஆய்வுச் சுற்றும் காட்டிவந்திருக்கிறது. கொழுந்து பறிக்கப் புறப்படும் முன் தட்டிய ரொட்டியும் கட்டச் சம்பலும், மாலையில் மீண்டும் ரொட்டி, இடையில் ஒரு வேளை சோறு என்பது பல லயன் வீடுகளின் நடைமுறை. இதை ருசி என்று மட்டும் கொள்ளக் கூடாது. நெல் விளையாத இடத்தில், நாட்சம்பளத்தில் வாழும் குடும்பம், அன்றைய விலைக்கு எது வயிற்றை நிரப்புமோ அதை வாங்குகிறது. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசி வெட்டப்பட்டு, மாவட்டங்களுக்கிடையே அரிசி கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டபோது, சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லாத தோட்டங்கள்தான் பட்டினிச் சாவுகளைக் கண்டன. அந்தக் காலத்தின் நாடளாவிய சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு அதன் கடுமை தெரியாது.

மாவுக்கும் அரிசிக்கும் இடையிலான விலை உறவு இரு பக்கமும் வேலை செய்யும். 2022 இல் ரூபாய் டொலருக்கு 200 அளவிலிருந்து 360 வரை சரிந்து, உக்ரேன் போரால் உலகக் கோதுமை விலையும் ஏறி, மா விலை அரிசி விலையைத் தாண்டியபோது ரொட்டியைக் குறைத்துச் சோற்றுக்கு மாறிய வீடுகள் பல. தோட்டத்துறைச் சனத்தொகையை 9 இலட்சம் என்றும், ஒவ்வொருவரும் மாதம் 2 கிலோ மாவுக்குப் பதிலாக அரிசியை எடுத்தார் என்றும் கொண்டால், ஆண்டுக்கு 21,600 தொன். நாட்டுக்கு மூன்று நாள் தேவை. தோட்டத்துறை மட்டும் என்றால் சிறிதுதான். ஆனால் நாடு முழுவதும் பாண், பணிஸ், கொத்து ரொட்டி என்று ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல் கோதுமை இறக்குமதியாகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு அரிசிக்கு மாறினாலே இரண்டு வாரத் தேவை கூடும். ஆகவே உங்கள் தேவைச் சமன்பாட்டில் வருமானத்தைவிட முக்கியமாக, மா விலைக்கும் நாட்டரிசி விலைக்கும் இடையிலான விகிதத்தைச் சேருங்கள்.

மனிதர் உண்பதற்கு அப்பால் விதை, அறுவடைக்குப் பிந்திய சேதம், கால்நடைத் தீவனம், பியர் உற்பத்தி ஆகியவையும் உண்டு. ஏக்கருக்கு இரண்டு புசல் என்ற வழக்கமான விதைப்பளவு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 100 கிலோ ஆகிறது. 11 இலட்சம் ஹெக்டேயருக்கு 1 இலட்சத்து 10 ஆயிரம் தொன் நெல் விதைக்கே போகும். விதைக்கும் சேதத்துக்கும் சேர்த்துப் பத்து வீதம் கழித்து, மீதி நெல்லில் நூற்றுக்கு 66 பங்கு அரிசி கிடைக்கும் என்று கொண்டால், 24 இலட்சம் தொன் அரிசிக்கு 40 இலட்சம் தொன் நெல் வேண்டும். தீவனத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் இரண்டு, மூன்று இலட்சம் தொன் சேர்த்தால் 42 அல்லது 43 இலட்சம். இந்தக் கடைசிச் சேர்க்கை என் ஊகம். கோழித்தீவன விலை ஏறும்போது இது கூடும், சோளம் மலிவாக இறங்கும்போது குறையும்.

இனி உற்பத்தி. 2013 முதல் 2022 வரையான பத்து ஆண்டுகளின் நெல் உற்பத்தியை இலட்சம் தொன்னில் வரிசையாகச் சொல்கிறேன்: 46.2, 33.8, 48.2, 44.2, 23.8, 39.3, 45.9, 51.2, 51.5, 33.9. இவற்றின் சராசரி 41.8. நாம் மேலே கண்ட தேவைக்கு ஏறத்தாழச் சமம். இந்த ஒரு பொருத்தத்தைப் பார்த்து 'தன்னிறைவு' என்று எழுதியவர்கள் ஏராளம். ஆனால் வரிசையை மறுபடியும் பாருங்கள்: பத்து ஆண்டுகளில் ஒன்றுகூட அந்தச் சராசரிக்கு இரண்டு இலட்சம் தொன் தூரத்துக்குள் வரவில்லை. மிகுதி ஆண்டுகளும் பற்றாக்குறை ஆண்டுகளும் மாறி மாறி வந்தனவே தவிர, சராசரி ஆண்டு என்ற ஒன்று வரவேயில்லை. போக்குக் கோடு விழுவது, எந்த ஆண்டும் நிகழாத அந்த இடத்தின் வழியாகத்தான்.

தாழ்ந்த மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2014 வறட்சி. 2017 உம் வறட்சிதான், ஆனால் அதன் காரணம் 2016 இன் கடைசி மாதங்களில் இருக்கிறது: வடகீழ்ப் பருவமழை பொய்த்ததால் உலர்வலயக் குளங்கள் நிரம்பவில்லை, ஆண்டின் முதன்மைப் பயிர்ப்பருவமான பெரும்போகத்தில் விதைத்த பரப்பே சுருங்கியது, குளத்தில் நீர் இல்லாததால் அடுத்து வந்த இரண்டாம் பருவமான சிறுபோகமும் சுருங்கியது. ஒரு மழை தவறினால் இரண்டு போகம் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. 2022 முற்றிலும் வேறு வகை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது; நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்பு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 2020/21 பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னைத் தாண்டிய விளைச்சல் 2021/22 இல் 20 இலட்சம் தொன்னைத் தொடவில்லை. மழையில் குறையில்லை, விதைத்த பரப்பிலும் பெரிய குறையில்லை. விழுந்தது ஹெக்டேயருக்குரிய விளைவு.

எனவே மொத்த உற்பத்தியை ஒரே தொடராக முன்கணிக்காதீர்கள். விதைத்த பரப்பு, அதில் அறுவடைக்கு வந்த பங்கு, ஹெக்டேயருக்குரிய விளைவு என்று மூன்றாகப் பிரியுங்கள். பெரும்போகத்தையும் சிறுபோகத்தையும் ஒருபோதும் கூட்டாதீர்கள். அதற்குள்ளும் பாரிய நீர்ப்பாசனம், சிறு நீர்ப்பாசனம், மானாவாரி என்று பிரித்தால் படம் தெளிவாகும்: பாரிய நீர்ப்பாசனப் பரப்பு மெல்ல ஆடும், சிறு குளங்களும் மானாவாரியும் மழையோடு சேர்ந்து பெரிதாக ஆடும். புள்ளிவிபரத் திணைக்களத்தின் மாவட்ட அட்டவணைகள் இந்தப் பிரிவுகளிலேயே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் தேசிய மொத்தத்தை மட்டும் எடுப்பது, கையில் இருக்கும் தகவலைத் தூக்கி எறிவதாகும்.

பாரிய நீர்ப்பாசனம் மெல்ல ஆடுவதன் காரணம் நாம் வாழும் இந்த மலைகள். ஹோட்டன் சமவெளியில் பிறக்கும் அக்ரா ஓயா என்ற ஆறு கீழே கொத்மலை ஓயாவாகி, அட்டன் ஓயா வழியாக வரும் நீரோடு மகாவலியில் சேர்கிறது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் 1976 முதல் அந்த நீரின் ஒரு பகுதி சுரங்கவழியாகத் திருப்பப்பட்டு, உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றி, சுது கங்கையிலும் அம்பன் கங்கையிலும் இறங்கி, போவத்தன்ன வழியாக அநுராதபுர மாவட்டத்தின் கலாவெவக் குளம் வரை செல்கிறது. திருப்பப்படாத நீர் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குப் போய், ரந்தெனிகல, ரந்தம்பே என்று மின்சாரம் தந்துவிட்டு மினிப்பேக்கு இறங்குகிறது. பொல்கொல்லையில் வடக்கே அனுப்பும் ஒவ்வொரு கன அடியும் விக்டோரியாவின் சுழலிகளுக்குக் கிடைக்காத நீர். ஆகவே அநுராதபுரத்தின் சிறுபோகப் பரப்பு மழையை மட்டும் பொறுத்ததல்ல. அந்த ஆண்டு மின்சாரத்துக்கு எவ்வளவு நெருக்கடி என்பதையும் பொறுத்தது. இந்தச் சமரசம் ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் பேசித் தீர்க்கப்படுகிறது. அதன் விளைவை விவசாயி ஆரம்பப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் 'இந்தப் போகம் இத்தனை ஏக்கருக்கு மட்டும் தண்ணீர்' என்ற அறிவிப்பாகக் கேட்கிறார்.

முன்கணிப்பாளருக்கு இதில் ஒரு வரப்பிரசாதம் இருக்கிறது. தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் பெய்கிறது. சிறுபோகத்தின் வளர்காலமும் அதுவே. தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் மழைப் பதிவும் நுவரெலியா வானிலை நிலையத்தின் நீண்ட பதிவும் கையில் இருந்தால், ஜூன், ஜூலை மழையைக் கொண்டு கொத்மலை நீர்த்தேக்கத்தின் நீர்வரவையும், அதைக் கொண்டு கலாவெவ வலயத்தின் சிறுபோக அறுவடைப் பங்கையும் பல வாரங்களுக்கு முன்னரே கணிக்கலாம். இலங்கையின் நெல் முன்கணிப்பில் கைவைக்கப்படாமல் கிடக்கும் பயனுள்ள தரவு இதுவே என்பது என் கருத்து. உங்கள் ஊரிலிருந்தே தொடங்கக்கூடிய வேலை அது.

பெரும்போகத்துக்குக் கடலைப் பார்க்க வேண்டும். எல் நினோ என்றதும் வறட்சி என்று எழுதுவது இந்தியச் செய்திகளைப் படித்து வந்த பழக்கம். இலங்கையில் எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான மழை பொதுவாகக் கூடுகிறது. லா நினா ஆண்டுகளில் குறைகிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் கிழக்கைவிடச் சூடாக இருந்தால் அந்த மாதங்களின் மழை மேலும் கூடும், மறுபுறமானால் குறையும். 2016 இல் இந்து சமுத்திரத்தின் கிழக்குப் பக்கம் அதிகமாகச் சூடேறியிருந்தது. அதன் விலைதான் 2017 இன் 23.8 இலட்சம் தொன். அதிக மழையும் எப்போதும் நன்மையல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த வெள்ளம், இளம் பெரும்போகப் பயிரை உலர்வலயத்தில் மூழ்கடித்த அதே நாட்களில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவாக இறங்கியது.

ஹெக்டேயருக்குரிய விளைச்சலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1950களின் இறுதியில் வந்த எச் 4 நெல்லினமும், பின்னர் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த இனங்களும் நாட்டின் சராசரியைப் பல மடங்காக்கின. ஆனால் அண்மைக்கால நல்ல ஆண்டுகளில் அது ஹெக்டேயருக்கு நாலரைத் தொன் அளவிலேயே நின்றுவிட்டது. பழைய வேகத்தை 2035 வரை நீட்டுவது நியாயமல்ல. மேலும் பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 பாகையைத் தாண்டினால் பதர் கூடும். இரவு வெப்பம் ஏறினாலும் மணி சுருங்கும். அநுராதபுரத்துக்கும் அம்பாறைக்கும் இது வரவிருக்கும் சிக்கல். உயர்ந்த மலைப் பள்ளத்தாக்குகளிலோ குளிரே பதருக்குக் காரணம் என்பதால், வெப்பம் கூடினால் இங்கே கொஞ்சம் நன்மை வரலாம். ஆனால் இங்குள்ள பரப்பு தேசிய எண்ணில் தெரியாத அளவு சிறியது.

சிறியது என்றாலும், பரப்புப் புள்ளிவிபரத்தின் பலவீனத்தைப் பார்க்க வெலிமடையையும் ஊவா பரணகமவையும்விட நல்ல இடமில்லை. அங்கே படிக்கட்டு வயல்களில் பெரும்போகத்துக்கு நெல் நிற்கும். தை, மாசி கடந்து அறுத்தபின் அதே வயலில் பார் கட்டி உருளைக்கிழங்கு போடுவார்கள். சில வயல்களில் போஞ்சி, சிலவற்றில் கரட். நெற்காணி இடாப்பில் அது நெற்காணி; 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அதை அனுமதியின்றி வேறு தேவைக்கு மாற்ற முடியாது. வளைந்து வளைந்து போகும் வரப்புகளுக்கிடையில் ஐந்து பேர்ச், எட்டுப் பேர்ச் என்று கிடக்கும் லியத்தைகளின், அதாவது சிறு வயல் துண்டுகளின், பரப்பைக் கிராம உத்தியோகத்தர் எப்படி அளப்பார்? சென்ற போகத்தின் எண்ணை எடுத்து, விதைக்காதவர்களைக் கேட்டறிந்து கழிப்பார். மலையில் இது பொறுக்கத்தக்க பிழை. இதே பழக்கம் உலர்வலயத்தில் நடந்து, உர மானியமும் விதைத்த பரப்பின்படி கிடைக்கும்போது, எண் எந்தப் பக்கம் சாயும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஹெக்டேயருக்குரிய விளைச்சல், மாதிரி அறுவடை மூலம் ஓரளவு நேர்மையாக அளக்கப்படுகிறது. பரப்பில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இப்போது உங்கள் ஜனவரிக் கேள்வி. காகிதத்தில் போதிய நெல் இருந்தும் கடையில் அரிசி இல்லாமல் போனது 2025 இல் மட்டுமல்ல. 2021 இல் 51.5 இலட்சம் தொன் என்ற உச்ச விளைச்சல் பதிவான அதே ஆண்டின் ஓகஸ்ட் 30 ஆம் திகதிதான் அரிசி, சீனி விநியோகத்துக்காக அவசரகால ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டன. ஆண்டுக் கணக்கு மூன்று விடயங்களை மறைக்கிறது. ஒன்று மாதம். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் சந்தைக்கு வரும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில் வரும். டிசெம்பரும் ஜனவரியும் எப்போதும் களஞ்சியம் வற்றும் மாதங்கள். இரண்டாவது இனம். 2025 ஜனவரியில் முதலில் மறைந்தது சிவப்புப் பச்சை அரிசி. அதன் அப்போதைய கட்டுப்பாட்டு விலை கிலோவுக்கு 220 ரூபாய், கீரிச் சம்பாவுக்கோ 260 ரூபாய். எந்த நெல்லை விதைப்பது, எதைக் குற்றுவது என்பதை அந்த இடைவெளி தீர்மானிக்கும். ஏ.டீ. 362 போன்ற சிவப்பு இனமும் கீரிச் சம்பா என்று விற்கப்படும் பீ.ஜீ. 360 உம் ஒன்றுக்கொன்று பதிலாகா. தென்மாகாணத்தவர் சிவப்பரிசியை விட்டுக் கீரிச் சம்பாவுக்கு எளிதில் மாறமாட்டார். மூன்றாவது, நெல் யாருடைய களஞ்சியத்தில் இருக்கிறது என்பது. பெரிய ஆலைகளின் இருப்பு எவ்வளவு என்று அரசுக்கே உறுதியாகத் தெரியாதபோது, மிகுதி என்று நாம் அழைப்பதில் எவ்வளவு உண்மையான இருப்பு, எவ்வளவு பரப்புக் கணக்கின் வீக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்போது இறக்குமதிக்கு வழி திறந்து, கிலோவுக்கு 65 ரூபாய் தீர்வையோடு வந்த 1 இலட்சத்து 67 ஆயிரம் தொன் அரிசி, நாட்டுக்கு 25 நாள் தேவைதான். ஆனால் அது வந்தது சரியாக வற்றிய மாதத்தில்.

ஆகவே ஆண்டு மாதிரியை மாத மாதிரியாக மாற்றுங்கள். மாதத் தொடக்க இருப்பு, அந்த மாதம் அறுவடையாகி வந்த நெல்லின் அரிசிப் பெறுமதி, இறக்குமதி ஆகியவற்றைக் கூட்டி, 2 இலட்சம் தொன்னைக் கழித்தால் அடுத்த மாதத்தின் தொடக்க இருப்பு வரும். நாட்டரிசி, சம்பா, கீரிச் சம்பா, சிவப்பு என்று குறைந்தது நான்கு தனித் தொடர்களாக இதைச் செய்யுங்கள். இந்தக் கணக்கைப் பழைய ஆண்டுகளில் ஓட்டும்போது கணக்கிட்ட இருப்பு மலைபோல் குவிந்துகொண்டே போனால், அந்த இருப்பு உண்மையில் எங்கும் இல்லை, உற்பத்தி எண்ணே மிகை என்று பொருள். அத்தகைய சோதனையில் எத்தனை வீதம் குறைத்தால் விலைத் தரவோடு பொருந்துகிறது என்று கண்டுபிடிப்பதே உங்கள் ஆய்வின் முக்கியமான பங்களிப்பாக அமையலாம்.

மாதிரியைப் பரீட்சிக்கும்போது 2017 ஐயும் 2022 ஐயும் மறைத்துவைத்து, அதற்கு முந்திய தரவை மட்டும் கொடுத்து, அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'சென்ற ஆண்டின் அதே போகத்தில் விளைந்ததே இம்முறையும் விளையும்' என்ற மிக எளிய விதியை வெல்லாத எந்த நுட்பமான முறையும், அது ஏரிமா (ARIMA) என்ற காலத்தொடர் முறையாகட்டும் நரம்பு வலையமைப்பாகட்டும், கட்டுரையில் இடம்பெறத் தகுதியற்றது. 2017 ஐ மழைக் குறிகாட்டியால் ஓரளவு பிடிக்கலாம். 2022 ஐ எந்தக் குறிகாட்டியாலும் பிடிக்க முடியாது, பிடித்ததாகக் காட்டினால் எங்கோ ஏமாற்று இருக்கிறது. அதைத் தனி அடையாளமிட்டுப் பொதுப் போக்கிலிருந்து விலக்கிவிட்டு, எதிர்கால வீச்சில் மட்டும் கொள்கைத் தவறொன்றுக்கான இடத்தை விட்டுவைப்பதே முறை.

2035 க்கான என் சொந்தக் கணக்கு இதுதான். மனித நுகர்வுக்கு 22 முதல் 25.5 இலட்சம் தொன் அரிசி. விதை, சேதம், தீவனம் எல்லாம் சேர்த்து 39 முதல் 46 இலட்சம் தொன் நெல். உற்பத்தி, நல்ல ஆண்டுகளில் 45 முதல் 52 இலட்சம், கெட்ட ஆண்டுகளில் 24 முதல் 35 இலட்சம். பத்தில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் கெட்டவையாக அமையும் என்று வைத்துக்கொள்கிறேன். கடந்த காலம் அப்படித்தான் இருந்திருக்கிறது, வானிலை இனி மென்மையாகும் என்று நம்ப ஆதாரமில்லை. 2022 போன்ற ஆண்டில் ஏறத்தாழ 4 இலட்சம் தொன் அரிசியும், 2017 போன்ற ஆண்டில் 9 இலட்சம் தொன்னுக்கு மேலும் குறையும். அதாவது இரண்டு முதல் ஏறத்தாழ ஐந்து மாதத் தேவை. 2022 இல் உண்மையில் இறக்குமதியானது ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் தொன் என்பதையும் பாருங்கள்: இருப்பு தெரியாத நாடு பயத்தில் தேவைக்கு மேல் வாங்குகிறது, அதுவும் டொலர் இல்லாத ஆண்டில்.

உங்கள் கட்டுரையில் நுவரெலியா மாவட்டத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மாவட்ட உற்பத்தியைத் தேவையோடு ஒப்பிட்டு 'பற்றாக்குறை மாவட்டம்' என்று எழுதுவதில் பயனில்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது. வலப்பனை, ஹங்குரன்கெத்த வயல்கள் அந்தந்தக் கிராமங்களுக்கே போதாது. பொலன்னறுவையிலிருந்து தம்புள்ளை, மாத்தளை, கண்டி வழியாக லொறி வர எத்தனை நாள், மொத்த வியாபாரிகளின் கடைகளில் எத்தனை நாள் இருப்பு, பாதை மூடப்பட்டால் எத்தனையாவது நாளில் தோட்டத்துக் கடைகளில் நாட்டரிசி தீர்கிறது என்று கணக்கிடுங்கள். கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகம் வாரந்தோறும் வெளியிடும் சந்தை விலைகளில் உலர்வலய விலைக்கும் மலையக நகரங்களின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, 2025 நவம்பர் இறுதிக்குப் பிந்திய வாரங்களில் அது எவ்வளவு விரிந்தது என்று முதலில் பாருங்கள். அட்டன், நுவரெலியா, வெலிமடை மூன்றையும் தனித்தனியாக வரைந்து அனுப்பினால், அடுத்த படியைச் சேர்ந்தே பார்க்கலாம்.